கோட்டருகே நிற்கும் குழந்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 11 வயது. மூன்று ஆண்டுகளாக டென்னிஸ் ஆடுகிறாள். நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று சொல்லும் பயிற்சியாளர், நீச்சலை நிறுத்திவிட்டு வாரம் ஏழு நாளும் டென்னிஸ் மட்டும் ஆடச் சொல்கிறார். இந்த வயதில் ஒரே விளையாட்டில் இறக்குவது சரியா? இன்னொரு சிறு விஷயம். போட்டிகளில் அவள் மிகவும் வெகுளியாக இருக்கிறாள். நடுவர் இல்லாத ஆட்டங்களில் சந்தேகமான பந்துகளையெல்லாம் எதிராளிக்கே விட்டுக்கொடுக்கிறாள். போன வாரம் அப்படி விட்ட ஒரு பந்தால் அரையிறுதியில் தோற்றாள். வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் கடிந்துகொண்டேன். களத்தில் சாமர்த்தியமாக இருக்க எப்படிக் கற்றுக்கொடுப்பது?

எம்.

அன்புள்ள எம்.,

முதல் கேள்விக்கு விடை எளிது. நீச்சலை நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது பயிற்சியிலிருந்து முழு ஓய்வு வேண்டும் என்பதே குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. குழந்தையின் வயது எத்தனையோ அத்தனை மணி நேரத்துக்கு மேல் வாரப் பயிற்சி போனால் காயங்கள் கூடுகின்றன என்றும் கண்டிருக்கிறார்கள். வளரும் எலும்பின் நுனியில் இருக்கும் குருத்து, ஒரே அசைவை நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை தாங்குவதற்கானது அல்ல. ரோஜர் ஃபெடரரும் சிறுவயதில் கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளை ஆடியவர்தான். பயிற்சியாளரிடம் சொல்லிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் வேறொருவரைத் தேடுங்கள். இதில் மேலும் பேச ஒன்றுமில்லை.

நான் எழுத உட்கார்ந்தது, நீங்கள் சிறு விஷயம் என்று ஒதுக்கிய அந்த இன்னொன்றுக்காக. சில மாதங்களாக என்னைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான்.

உங்கள் மகள் செய்ததற்கு வெகுளித்தனம் என்று பெயர் வைத்தது யார்? அது விதி. நடுவர் இல்லாத ஆட்டத்தில், வலைக்குத் தன் பக்கம் விழும் பந்தை அந்தப் பக்கத்து ஆட்டக்காரரே தீர்மானிக்க வேண்டும். கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே இடைவெளி தெளிவாகத் தெரிந்தால்தான் அவுட். சந்தேகம் இருந்தால் பந்து உள்ளே விழுந்ததாகவே கொள்ள வேண்டும். ஆக, நீங்கள் அவளைக் கடிந்துகொண்டது எதற்காக? விதிப்படி ஆடியதற்காகவா? உங்களுக்கு அந்த விதி தெரியாது என்றால் மூன்று ஆண்டுகளாக அங்கே என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? தெரிந்தும் திட்டினீர்கள் என்றால், அவளுக்குக் கற்றுக்கொடுக்க நினைப்பதன் பெயர் சாமர்த்தியம் இல்லை. அதன் சரியான பெயர் உங்களுக்கே தெரியும்.

அந்த விதிக்குள் எவ்வளவு பெரிய அறிவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். விரைந்து செல்லும் பொருளை நம் கண், அது உண்மையில் இருக்கும் இடத்தைவிடச் சற்று முன்னால் தள்ளியே காண்கிறது. 2007 விம்பிள்டன் ஆட்டங்களின் பதிவுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்தபோது, நடுவர்களின் தவறான முடிவுகளில் பெரும்பகுதி, உள்ளே விழுந்த பந்தை அவுட் என்று சொன்னவையாகவே இருந்தன. பயிற்சி பெற்ற, வெற்றி தோல்வியில் பங்கில்லாத பெரியவர்களின் கண்ணே இப்படி என்றால், மூச்சிரைக்க ஓடிக்கொண்டு, வெல்லும் ஆசையோடு பார்க்கும் குழந்தையின் கண் எந்தப் பக்கம் சாயும்? சந்தேகத்தை எதிராளிக்குக் கொடுப்பவள், தன் கண்ணின் சாய்வைத் தானே திருத்திக்கொள்கிறாள்.

2025 முதல் விம்பிள்டனில் கோட்டு நடுவர்கள் இல்லை. இயந்திரம் சொல்கிறது. உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களுக்கு அந்தப் பாரமே இல்லாமல் போய்விட்டது. 11 வயதுப் பிள்ளையோ, தன் தோல்வியைத் தன் வாயாலேயே அறிவிக்க வேண்டிய இடத்தில் தனியாக நிற்கிறாள். வேறு எந்த விளையாட்டு ஒரு குழந்தையை இவ்வளவு நம்புகிறது?

2005இல் ரோம் போட்டியில் அமெரிக்க வீரர் ஆண்டி ரோடிக், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் வெற்றி என்ற நிலையில் நின்றார். எதிராளி வெர்டாஸ்கோவின் இரண்டாவது சர்வ் அவுட் என்று அறிவிக்கப்பட்டது. அந்தப் புள்ளியும் ஆட்டமும் ரோடிக்குக்கே. கைகுலுக்கிவிட்டுப் போயிருக்கலாம். ரோடிக் பந்து உள்ளேதான் விழுந்தது என்று சொல்லி, களிமண் தரையில் பதிந்திருந்த தடத்தைக் காட்டினார். ஆட்டம் தொடர்ந்தது, அவர் தோற்றார். அவரை வெகுளி என்பீர்களா?

என் மகனும் டென்னிஸ் ஆடியவன். அவனுக்கு 12 வயதானபோது ஒரு போட்டி. கடைசி செட். நான் வேலிக்கு வெளியே, பின்கோட்டுக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பையன் உயர்த்தி அடித்த பந்து கோட்டின் மேலேயே விழுந்தது. என் கண்ணெதிரே விழுந்தது. மகன் விரலைத் தூக்கி அவுட் என்றான். வலைக்கு அந்தப் பக்கமிருந்து, “நிச்சயமாகவா?” என்று கேட்டான் அந்தப் பையன். என் மகன் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு, “நிச்சயமாக” என்றான்.

நான் பேசாமல் நின்றேன். பார்வையாளர் தலையிடக் கூடாது என்பது விதி, அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆட்டம் முடிந்தபின் பேச எந்த விதியும் தடையில்லை. அப்போதும் பேசவில்லை. கோப்பையோடு அவனை நிறுத்திப் படம் எடுத்தேன். அதன் பிறகு நெருக்கமாக விழுந்த ஒவ்வொரு பந்துக்கும் அவன் வேலிப்பக்கம் திரும்பினான். பந்து விழுந்த இடத்தை என் முகத்தில் தேடினான். 15 வயதில் மட்டையை எடுத்து உள்ளே வைத்தவன், திரும்ப எடுக்கவே இல்லை.

இத்தனை ஆண்டுகளாக என் குற்றம் மௌனம் மட்டுமே என்று நினைத்திருந்தேன். சில மாதங்களுக்கு முன் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கோப்பைப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: “அன்றைக்கு நீங்கள் தலையாட்டினீர்களே அப்பா, ஞாபகம் இருக்கிறதா?”

எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவன் பொய் சொல்லவில்லை.

உங்கள் மகளிடம் இன்றே போங்கள், எம். கடிந்துகொண்டது தவறு என்று சொல்லுங்கள். அரையிறுதியில் அந்தப் பந்து எங்கே விழுந்தது என்று கேளுங்கள், குறுக்கே பேசாமல் முழுவதும் கேளுங்கள். அடுத்த போட்டிக்குப் போகும்போது பின்கோட்டுக்கு நேராக நிற்காதீர்கள். பந்து விழும் இடம் உங்களுக்குத் தெரியாத ஓர் இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள்.