மருந்தும் உரமும் ஒரே டேங்கில் கலக்கலாமா?

கேள்வி: என் மிளகாய்ச் செடிகளில் நுனி இலைகள் சுருண்டு, ஆங்காங்கே மஞ்சளாகவும் இருந்தன. பூச்சிமருந்து, 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது), நுண்ணூட்டக் கலவை மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து, காலை பதினொரு மணிவாக்கில் தெளித்தேன். இரண்டே நாளில் இலை ஓரங்கள் கருகின; சுருட்டை குறையவில்லை. மூன்றையும் சேர்த்துத் தெளித்தது தவறா?

பதில்: சேர்த்தது ஒரு தவறு, தெளித்த நேரம் இன்னொன்று. ஆனால் இரண்டுக்கும் முன்னால், சுருட்டைக்குக் காரணம் என்ன என்று பார்க்காமலே டேங்கை நிரப்பியிருக்கிறீர்கள். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மிளகாய் இலை எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து இலை படகுபோல் குவிந்திருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்த படகுபோல் இருந்து, காம்பும் நீண்டிருந்தால் மஞ்சள் சிலந்தி (வலை பின்னும் சிலந்தி அல்ல, இலைச்சாற்றை உறிஞ்சும் மிகச் சிறிய ‘மைட்’). குருத்தை ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டினால் இலைப்பேன்கள் விழுந்து ஊர்வது வெறுங்கண்ணுக்கே தெரியும். சிலந்தி அப்படித் தெரியாது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வேண்டும். செடியே குட்டையாகி, இலைகள் சிறுத்து, கொத்தாகச் சுருண்டிருந்தால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கலாம். அதைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. அந்தச் செடியைப் பிடுங்கி அழித்துவிட்டு, வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதுதான் வழி.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சிலந்தி பூச்சி இனமே அல்ல. பூச்சிக்கொல்லிகள் பலவற்றுக்கு அது அசைந்து கொடுக்காது. பைரித்ராய்டு வகை மருந்துகளோ, சிலந்தியைத் தின்னும் நன்மை செய்யும் உயிரிகளைக் கொன்று, அதைப் பெருகவே வைத்துவிடும். நீங்கள் தெளித்தும் சுருட்டை குறையாததற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும். சிலந்திதான் என்று உறுதியானால் நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை கரைத்துத் தெளிக்கலாம். ஆனால் வெப்பநிலை 32 டிகிரிக்கு மேல் போகும் நாளில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும். வேப்ப எண்ணெய் போன்ற எண்ணெய் மருந்து தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது விட்டுத்தான் கந்தகம் தெளிக்க வேண்டும்.

இனி கருகலுக்கு வருவோம். உரம் என்பது உப்பு. 19:19:19 உரத்தை லிட்டருக்கு 5 கிராம் தனியாகத் தெளித்தால் வளர்ந்த செடி தாங்கும். அதோடு நுண்ணூட்டக் கலவையையும் முழு அளவில் சேர்த்தால் உப்பின் செறிவு கூடிவிடுகிறது. பூச்சிமருந்து எண்ணெய்ப்பாங்கானதாக இருந்தால் அதிலுள்ள கரைப்பான் இலையின் மெழுகுப் படலத்தை இளக்கி, உப்பு உள்ளே போக வழிவிடுகிறது. வெயிலில் நீர் ஆவியாக ஆவியாக, வழிந்து தேங்கும் இடத்தில் கரைசல் மேலும் செறிவாகும். அந்த இடம் இலையின் ஓரமும் நுனியும்தான். உங்கள் செடி கருகியிருப்பதும் அங்கேதான்.

இன்னொரு நஷ்டமும் நடந்திருக்கலாம். 19:19:19 உரத்தில் பாஸ்பேட் இருக்கிறது. துத்தநாகம், இரும்பு ஆகியவை சல்பேட் வடிவில் இருந்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத படிவாகிவிடும். செடிக்கும் கிடைக்காது, தெளிப்பானின் முனையான நாசிலையும் அடைக்கும். கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட், சல்பேட் எதனோடும் கலக்கக் கூடாது என்பதும் இதனால்தான். எதைக் கலப்பதானாலும் முதலில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில், டேங்கில் போடும் அதே விகிதத்தில் கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். திரிந்தாலோ, அடியில் படிந்தாலோ, சூடேறினாலோ விட்டுவிடுங்கள். தெளிவாக இருந்தால் அது கலக்கத் தகுந்தது என்று மட்டுமே பொருள். இலை தாங்குமா என்பதற்கு நாலைந்து செடிகளில் தெளித்து இரண்டு நாள் பார்க்க வேண்டும். மருந்தின் லேபிளில் கலக்கக் கூடாது என்றிருந்தால் இந்தச் சோதனைக்கே இடமில்லை.

என் கருத்தில், மருந்தையும் ஊட்டத்தையும் பிரித்துத் தெளிப்பதே நல்லது. இரண்டின் இலக்கும் வேறு. இலைப்பேன் குருத்திலும் பூவிலும் ஒளிந்திருக்கும். வெள்ளை ஈயும் அசுவினியும் இலையின் அடியில் இருக்கும். மருந்து அங்கே போய்ப் பட வேண்டும். அதற்கு நாசிலைக் கீழிருந்து மேலாகப் பிடிக்க வேண்டும். ஊட்டம் இலை முழுவதும் மெல்லிய படலமாகப் படிந்து, மெதுவாகக் காய வேண்டும். காய்ந்துவிட்டால் உறிஞ்சுவது ஏறக்குறைய நின்றுவிடும். ஆகவே அதிகாலை அல்லது மாலை. இலைப்புள்ளி போன்ற பூஞ்சாண நோய் இருக்கும்போது அதிகாலையே மேல், இரவு முழுக்க இலை ஈரமாக இருக்கக் கூடாது. பூச்சிமருந்துக்கு மாலை சிறந்தது: தேனீக்கள் கூடு திரும்பியிருக்கும், வேப்ப மருந்தில் வேலை செய்யும் அசாடிராக்டின் வெயிலில் சிதைவதும் தவிர்க்கப்படும். செடி பூத்திருக்கையில் தேனீக்கு நஞ்சான மருந்தைத் தொடவே வேண்டாம்.

இலைவழி ஊட்டத்திடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேருக்கு 500 லிட்டர் நீரில் ஒரு சதவீத யூரியா என்றால் 5 கிலோ யூரியா. அதில் தழைச்சத்து 46 சதவீதம், அதாவது 2.3 கிலோ. பயிருக்கோ பல பத்து கிலோ வேண்டும். தழை, மணி, சாம்பல் சத்துகளுக்கு மண்ணை விட்டால் வேறு வழியில்லை. துத்தநாகம், போரான் போன்றவை மிகச் சிறிய அளவே தேவைப்படுவதால், அங்கே இலைத்தெளிப்பு உண்மையிலேயே கைகொடுக்கும். உங்கள் செடியில் மஞ்சள் அடி இலைகளில் தொடங்கியிருந்தால் தழைச்சத்துக் குறை என்று சந்தேகிக்கலாம். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்க இடைப்பகுதி வெளுத்திருந்தால் இரும்புக் குறை. வேரில் நீர் தேங்கினாலும் இலை மஞ்சளாகும். அப்போது எந்தத் தெளிப்பும் பயன் தராது, வடிகால்தான் தேவை.

இப்போதைக்குக் கருகிய இலைகளைக் கிள்ளாதீர்கள், பச்சையாக எஞ்சிய பகுதி இன்னும் உணவு தயாரிக்கும். புதுத் தளிர் வரும்வரை உரத்தெளிப்பை நிறுத்தி, மண் காயாமல் அளவாக நீர் கொடுங்கள். தளிர் விரிந்ததும் தாளில் தட்டியும் லென்ஸில் பார்த்தும் பூச்சியை உறுதிசெய்துகொண்டு, அதற்குரிய மருந்தை மட்டும், கையுறையும் முகக்கவசமும் அணிந்து மாலையில் தெளியுங்கள். களைக்கொல்லிக்குப் பயன்படுத்திய தெளிப்பானை இதற்கு எடுக்க வேண்டாம். காய் பறிப்பதற்கு முன் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது லேபிளில் இருக்கும். மிளகாய் அடுத்தடுத்துப் பறிக்கும் பயிர் என்பதால், அந்த நாட்களைக் கணக்கிட்ட பிறகே மருந்தைத் தேர்ந்தெடுங்கள்.