போக்கர் சிப் வாங்கும் முன்: கேள்விகளும் பதில்களும்

வீட்டில் நண்பர்களோடு போக்கர் ஆட நல்ல சிப் (பந்தயத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வட்ட வில்லை) செட் எது, எப்படிப் பார்த்து வாங்குவது என்று பலர் கேட்டிருந்தீர்கள். நிறைய செட்டுகளை வாங்கி, வருடக்கணக்கில் ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: 11.5 கிராம், 14 கிராம் என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எது கனமோ அதுதானே நல்ல சிப்?

இல்லை. இந்த ஒரு எண்ணத்தால்தான் பலர் தவறான செட்டை வாங்கிவிடுகிறார்கள். கேசினோக்களில் புழங்கும் க்ளே (களிமண் கலந்த) சிப் பெரும்பாலும் 8.5 முதல் 10 கிராம் வரைதான் இருக்கும். 14 கிராம் என்று விற்பவை பிளாஸ்டிக். எடை கூட்டுவதற்காக நடுவில் ஓர் உலோக வட்டை வைத்திருப்பார்கள். என்னுடைய பழைய 14 கிராம் செட்டில் ஒரு சிப் விளிம்பில் விரிசல் விட்டது. கத்தி முனையால் நெம்பினேன். மேல் ஓடு அப்படியே பெயர்ந்து வந்தது. உள்ளே ஓரத்தில் துரு ஏறிய இரும்பு. நல்ல கனம் என்று இத்தனை நாள் கையில் உணர்ந்தது அந்த இரும்பைத்தான்.

சத்தத்திலும் வித்தியாசம் தெரியும். இரும்பு வைத்த சிப் மேசையில் விழுந்தால் சில்லறைக் காசு கொட்டுவது போல இருக்கும். க்ளே சிப் மந்தமாக, அடக்கமாக விழும். அப்புறம் தூக்கும்போது இருக்கிறது கஷ்டம்: 14 கிராமில் 500 சிப் என்றால், பெட்டியைச் சேர்க்காமலே 7 கிலோ.

கேள்வி: "க்ளே காம்போசிட்", "கேசினோ தரம்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை நம்பலாமா?

"கேசினோ தரம்" என்பதற்கு எந்த அளவுகோலும் கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். "காம்போசிட்" என்றால் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

உண்மையான க்ளே சிப்பும் முழுக்கக் களிமண் அல்ல. க்ளேயோடு வேறு பொருட்களையும் கலந்து, அச்சில் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்வது. விளிம்பில் தெரியும் வண்ணக் கட்டங்கள் மேலே பூசியவை அல்ல. வேறு நிறத் துண்டுகளை வெட்டிப் பொருத்தி, ஒன்றாக அழுத்தியவை. இந்த வேலைக்குப் பெயர் பெற்றது பால்சன் என்ற நிறுவனம். ஆனால் அவர்கள் கேசினோக்களுக்குத்தான் விற்கிறார்கள். சேகரிப்பாளர்கள் கையில் இருப்பதில் பெரும்பகுதி மூடப்பட்ட கேசினோக்களிலிருந்து வெளியே வந்தது.

கேள்வி: செராமிக் எப்படி? கீழே விழுந்தால் உடையுமா?

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பீங்கான் கோப்பை போல நொறுங்காது. கெட்டியான ரெசின் வகைதான். முகம், விளிம்பு எல்லா இடத்திலும் நேரடியாக அச்சிடலாம் என்பது இதன் பெரிய பலம். உங்கள் குழுவுக்கென்று தனி வடிவமைப்பு வேண்டுமென்றால் செராமிக்தான் என் தேர்வு. க்ளேயின் அந்த மென்மை மட்டும் இதில் வராது.

கேள்வி: நாங்கள் 9 பேர். 300 போதுமா, 500 வேண்டுமா?

எண்ணிக்கையை விட எந்த மதிப்பில் எத்தனை என்பதுதான் முக்கியம். முதலில் என்ன ஆடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்.

டோர்னமென்ட் (எல்லோரும் ஒரே அளவு புள்ளியோடு தொடங்கி, சிப் தீர்ந்தவர் வெளியேறும் போட்டி) என்றால் ஆளுக்கு 10,000 புள்ளி கொடுங்கள்: 25 மதிப்பில் 8, 100-இல் 8, 500-இல் 4, 1000-இல் 7. ஒருவருக்கு 27 சிப். 9 பேருக்கு 243. பிளைண்ட் (சீட்டுப் போடும் முன் இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம்; போகப் போக உயரும்) 100/200-க்கு வந்ததும் 25 மதிப்புச் சிப்புக்கு வேலை இல்லை; அவற்றை எடுத்துவிட்டு மேல் மதிப்பாக மாற்றிக் கொடுக்கலாம். அதற்கும், தோற்று வெளியேறி மறுபடி உள்ளே வருபவர்களுக்கும் 1000, 5000 மதிப்பில் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். 300 தாராளம்.

கேஷ் கேம் (ஒவ்வொரு சிப்பும் நேரடியாகப் பணமாகவே மதிக்கப்படும் ஆட்டம்) என்றால் கணக்கே வேறு. பிளைண்ட் 1/2, ஒருவர் 200-க்கு உட்காருகிறார் என்று வையுங்கள். 1 மதிப்பில் 20, 5-இல் 16, 25-இல் 4. ஆளுக்கு 40 சிப், 9 பேருக்கு 360. மறுபடி வாங்குபவர்களுக்காக 25 மதிப்பில் இன்னொரு 60, 100 மதிப்பில் 20 வைத்துக்கொண்டால் 440 ஆகிறது. இதில் 1 மதிப்புக்கு மட்டும் 180 சிப் போகிறது. ஆனால் கடையில் கட்டி வரும் செட்டில் எல்லா நிறமும் ஏறக்குறைய சம அளவில் இருக்கும். ஆட்டம் சூடுபிடிக்கும்போது சின்ன மதிப்பு தீர்ந்துபோய், ஆளாளுக்குச் சில்லறை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முடிந்தால் நிறவாரியாகத் தனித்தனியாக விற்பவரிடம் வாங்குங்கள்.

கேள்வி: (மேலே கேட்டவரே) ஒரே செட்டை இரண்டுக்கும் வைத்துக்கொள்ள முடியாதா?

முடியும், எண் அச்சிடாத சிப் வாங்கினால். இன்றைக்குச் சிவப்பு 5, நாளைக்கு 500 என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாக வந்து உட்காருபவர் ஒவ்வொரு முறையும் "பச்சை எவ்வளவு?" என்று கேட்பார். அடிக்கடி புது ஆட்கள் வந்தால் எண் உள்ளதே மேல்.

கேள்வி: நிறத்தில் ஏதாவது கணக்கு உண்டா?

அமெரிக்க கேசினோ வழக்கப்படி வெள்ளை 1, சிவப்பு 5, பச்சை 25, கறுப்பு 100. பழகியவர்களுக்கு அது வசதி, கட்டாயமில்லை. நான் பார்ப்பது வேறு ஒன்று: மங்கலான விளக்கில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும். சிலருக்குச் சிவப்பு, பச்சை வேறுபாடே தெரியாது. அதனால் விளிம்புக் கட்டங்களின் எண்ணிக்கையும் அமைப்பும் மதிப்புக்கு மதிப்பு மாறும் செட்டாக எடுங்கள். நிறம் புரியாவிட்டாலும் கட்டம் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வாங்கும் முன் கையில் எடுத்து எதைச் சோதிப்பது?

முதலில் நிறத்துக்கு ஒன்றாக மாதிரி கேட்டு வாங்குங்கள். வழக்கமான விட்டம் 39 மில்லிமீட்டர். சமதளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேல் சிப்பை விரலால் சுண்டுங்கள். பம்பரம் மாதிரி சுற்றினால் அது நடுவில் புடைத்திருக்கிறது, அடுக்கினால் நிற்காது. சுற்றாமல் உட்கார்ந்தால் தட்டையானது.

முழு செட் வந்ததும் இன்னொன்று செய்யுங்கள். இரண்டு நிறங்களில் 20, 20-ஆக அடுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மேல் விளிம்பில் விரலைத் தேய்த்தால் படி தட்டக் கூடாது. மேசையில் யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, உயரத்தை ஒப்பிட்டுத்தான் எண்ணுகிறோம். உயரம் மாறினால் எண்ணிக்கையில் தகராறு வரும். எனக்கு இது மிக முக்கியம். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் இதில் தேறாத செட்டைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

கேள்வி: புது க்ளே சிப்பில் கை வைத்தாலே பொடி ஒட்டுகிறது. கழுவலாமா?

புதிதில் அப்படித்தான் இருக்கும். மெல்லிய துணியால் துடையுங்கள், ஆட ஆடக் குறைந்துவிடும். நிறம் வெளிறித் தெரிந்தால் மினரல் ஆயிலைத் துணியில் லேசாகத் தொட்டுத் துடைத்து உலரவிடலாம். சுடுதண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். சிப் வளையும், நடுவில் இருக்கும் படமும் கெடும்.

கேள்வி: அலுமினியப் பெட்டியோடு வருவது நல்லதா?

பெட்டிக்காக வாங்காதீர்கள். முதலில் போவது அதன் கைப்பிடிதான். 100 சிப் பிடிக்கும் அக்ரிலிக் ரேக் (சிப் அடுக்கும் தட்டு) போதும். ஒரு வரிசைக்கு 20, ஐந்து வரிசை. பார்த்தவுடன் குறைவது தெரியும்.

கேள்வி: அண்ணா, நான் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன். இதற்கெல்லாம் இப்போது செலவு செய்ய முடியாது. என்ன செய்யலாம்?

செய்ய வேண்டியதில்லை தம்பி. கிடைக்கிற சாதாரண பிளாஸ்டிக் சிப் வாங்கு, மேலே சொன்ன இரண்டு சோதனையும் செய்துவிட்டு. மிச்சப் பணத்தில் முழு பிளாஸ்டிக் சீட்டுக்கட்டு இரண்டு வாங்கு. காகிதச் சீட்டின் மூலை சில நாளில் மடங்கி அடையாளம் தெரிய ஆரம்பித்துவிடும், சிப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆட்டம் கெடும். மேசை மேல் ஒரு தடிமனான போர்வையை இழுத்துக் கட்டி, அதன் மேல் ஆடிப் பார். அந்தச் சாதாரண சிப்பே சத்தம் அடங்கி, கைக்கு இதமாக இருக்கும்.