வாசகர் கேள்வி – பதில்: துவக்குப் பிடியில் கையால் செக்கரிங் வெட்டுதல்

வயல் காவலுக்கு அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருக்கும் பழைய 12 போர் துவக்கின் பிடி மழை நேரத்தில் வழுக்குகிறது. செக்கரிங் (பிடி வழுக்காதிருக்க மரத்தில் குறுக்கும் மறுக்குமாக வெட்டும் கோடுகள்) பாதி தேய்ந்துவிட்டது. அதைத் தேய்த்து எடுத்துவிட்டுப் புதிதாக வெட்டலாமா?
– வாசகர், தம்பலகாமம்

தேய்த்து எடுக்க வேண்டாம். சான்ட் பேப்பர் போட்டால் பிடியின் தடிப்புக் குறையும். மரம் இரும்போடு சேரும் இடத்தில் இரும்பு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்; அதைச் சரிசெய்ய வழியே இல்லை. கோடு மங்கலாகவாவது தெரிகிறவரை அதையே ஆழமாக்குவதுதான் முறை.

துவக்குக்குள் தோட்டா இல்லை என்று திறந்து பார்த்து உறுதி செய்த பிறகு மரத்தைக் கழற்றுங்கள். தச்சரிடம் கொடுப்பதானாலும் மரம் மட்டும் போகட்டும். துவக்கு உங்கள் பொறுப்பிலேயே இருக்க வேண்டும். கோட்டுக்குள் இறுகிய அழுக்கையும் பழைய எண்ணெயையும் டர்பன்டைன் தொட்ட பல்பிரஷ்ஷால், கோட்டின் போக்கிலேயே தேய்த்து எடுங்கள். காய்ந்ததும் ஒற்றைப்பல் வெட்டியை (ஒரு தடவைக்கு ஒரு கோடு மட்டும் வெட்டும் கைக்கருவி) எடுத்து, கோடு நன்றாகத் தெரியும் இடத்தில் தொடங்கி, அழிந்த இடத்துக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் கொண்டுபோய்ச் சேருங்கள்.

ஒரே தடவையில் இரண்டு கோடு ஓடும் இரட்டைப்பல் வெட்டி இந்த வேலைக்கு ஆகாது. கையால் வெட்டிய பழைய கோடுகளின் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இராது. இரட்டைப்பல் தன்னுடைய இடைவெளியிலேயே போகும். போகிற வழியில் பழைய மேடுகளின் தலையை அறுத்துவிடும்.

புதிய றைபிள் கட்டை ஒன்றுக்கு முதன்முறையாகச் செக்கரிங் வெட்டப் போகிறேன். எத்தனை கோடு, என்ன சாய்வு, எந்த ஒழுங்கில் வெட்டுவது?
– வாசகர், நிலாவெளி

அங்குலத்துக்கு 18 கோடு. 22, 24 என்று பார்த்து ஆசைப்படாதீர்கள். கோடு நெருங்க நெருங்கப் பிழை கூடுதலாகத் தெரியும். கோடுகளுக்கு இடையில் நிற்கும் சாய்சதுரங்களும் எளிதில் உடையும். கைப்பிடிப்புக்கு 18 தாராளமாகப் போதும்.

மரத்துக்கு மெருகு போட்டு முடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே வெட்டத் தொடங்க வேண்டும். வெட்டியபின் மெருகு போட்டால் கோடுகள் நிரம்பிப் போகும். கட்டையை வைஸில் இறுக்கிப் பிடிக்காமல், இரண்டு முனையிலும் தாங்கிச் சுழற்றக்கூடிய ஒரு சட்டத்தில் மாட்டுங்கள். வளைவுக்கு ஏற்பக் கை திரும்பினால் வெட்டி சாயும். கை நேராக நிற்க, கட்டைதான் திரும்ப வேண்டும்.

சாய்சதுரத்தின் நீளம் அகலத்தைப்போல் 3 முதல் 3.5 மடங்கு இருந்தால் பார்வைக்கு அழகு. தடித்த மட்டையில் 3 அங்குல நீளமும் 1 அங்குல அகலமுமாக ஒரு சாய்சதுரம் வெட்டுங்கள். அதன் கூர்முனைக் கோணம் ஏறத்தாழ 37 பாகை வரும். நீள அச்சு பிடியின் போக்கில் இருக்கும்படி வைத்து, அடுத்தடுத்த இரண்டு பக்கங்களை மரத்தில் குறியுங்கள். இவைதான் தாய்க்கோடுகள். மற்ற எல்லாக் கோடுகளும் இவற்றைப் பார்த்தே பிறக்கின்றன. ஆகவே இந்த இரண்டுக்கும் எவ்வளவு நேரம் போனாலும் பரவாயில்லை. வளைவில் நேர்கோடு போட மரத்தோடு ஒட்டி வளையும் கோல் வேண்டும். பழைய எக்ஸ்றே படத்தில் வெட்டிய பட்டி நல்ல கோல்.

முதல் வேலைக்கு, ஓரங்களும் தாய்க்கோடுகளுக்குச் சமாந்தரமாகவே வரும் வடிவத்தைத் தெரிவுசெய்யுங்கள். வளைந்த ஓரத்தில் ஒவ்வொரு கோட்டையும் வெவ்வேறு இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும்.

இனி வெட்டும் ஒழுங்கு. தாய்க்கோட்டை ஒற்றைப்பல்லால் மெல்லக் கீறுங்கள். இரட்டைப்பல் வெட்டியின் ஒரு பல்லை அதில் ஓடவிட்டால் மற்றப் பல் அடுத்த கோட்டைக் கீறும். இப்படி ஒரு திசை முழுவதையும் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு மட்டும் முடியுங்கள். பிறகு மற்றத் திசையையும் அதே ஆழத்துக்குக் கீறுங்கள். அதன்பின் ஒற்றைப்பல்லால் இரு திசையையும் மாறி மாறி ஆழமாக்குங்கள். ஒரு திசையை முழு ஆழத்துக்கு வெட்டிவிட்டு மற்றதைத் தொடங்குகிறவர்கள் பலர். அப்போது இடையில் நிற்கும் மேடு மெல்லிய சுவராகிவிடும். குறுக்கே வரும் வெட்டி அதைத் துண்டு துண்டாகப் பெயர்க்கும்.

18 கோட்டில் இடைவெளி 1.41 மில்லிமீற்றர். 90 பாகை வெட்டியானால் சுமார் 0.7 மில்லிமீற்றர் ஆழத்திலும், 60 பாகையானால் சுமார் 1.2 மில்லிமீற்றர் ஆழத்திலும் கூர் பிடிக்கும். ஆழத்தை அளந்து கொண்டிருக்கத் தேவையில்லை. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வையுங்கள். உச்சியில் மினுங்கும் மெருகுப் புள்ளி மறைந்தால் சாய்சதுரம் கூராகிவிட்டது. அதற்குமேல் ஒரு தடவைகூட ஓட்டக்கூடாது. ஓரத்துக்கு 1.5 மில்லிமீற்றர் முன்பே ஒவ்வொரு வெட்டையும் நிறுத்தி, மிச்சத்தைக் கடைசியில் சிறிய முக்கோண அரத்தால் முடியுங்கள். அந்த அரத்தின் ஒவ்வொரு மூலையும் 60 பாகைதான். ஆகவே 60 பாகை வெட்டியின் கோட்டோடு பொருந்தும்.

தேக்கு, முதிரை, சாவண்டலை, மஹோகனி என்று இங்கே கிடைக்கும் மரங்களில் எது செக்கரிங்குக்கு உகந்தது?
– தச்சுத் தொழிலாளி, கிண்ணியா

துவக்குக் கட்டைக்கு வழக்கமான மரமான வால்நட் இங்கே வளர்வதில்லை. நீங்கள் சொன்னவற்றில் நான் முதலில் எடுப்பது சாவண்டலை. ஆங்கிலத்தில் நம் திருகோணமலையின் பெயராலேயே அழைக்கப்படும் மரம் இது. இழை நெருக்கம், போக்கும் பெரும்பாலும் நேர். தேக்கில் துளைகள் பெரிது. நுண்ணிய கோடு உதிரும். அதில் சிலிக்காவும் இருப்பதால் வெட்டி விரைவில் மொட்டையாகும். தேக்கென்றால் 16 கோட்டுக்கு மேல் போகாதீர்கள், வெட்டியை அடிக்கடி தீட்டுங்கள். முதிரை பார்வைக்கு மிக அழகு. ஆனால் இழை மாறி மாறி ஓடுவதால், ஒரே கோட்டில் பாதி சுத்தமாக வெட்டுப்பட்டு மீதி பிய்ந்து வரும். அதன் தூள் சிலருக்குத் தோலில் கடியும் தடிப்பும் உண்டாக்கும்; மூக்கையும் கையையும் மூடிக்கொள்ளுங்கள். மஹோகனியில் மென்மையான பலகை கிடைத்தால் விட்டுவிடுங்கள், கூர் நிற்காது.

எந்த மரமானாலும் ஈரம் இருந்தால் வெட்டு சுத்தமாக விழாது, நார் நாராக நிற்கும். மாரி தொடங்குவதற்கு முன், வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்வது நல்லது.

கோடுகள் தொடக்கத்தில் நேராகப் போய், போகப் போக வளைகின்றன. ஏன்?
– வாசகர், உப்புவெளி

ஒரு கோட்டுக்கு 0.05 மில்லிமீற்றர் பிசகினால் போதும்: 40 கோடு கடந்ததும் 2 மில்லிமீற்றர், அதாவது ஒரு முழுக் கோட்டுக்கும் மேல். பெரும்பாலும் காரணம் வெட்டியைச் சாய்த்துப் பிடிப்பது. சாய்ந்தால் இரு பற்களும் ஒரே ஆழத்தில் இறங்காது, இடைவெளி மாறும். பிடியின் வளைவில் இது தானாகவே நடக்கும். 8 கோட்டுக்கு ஒருமுறை எக்ஸ்றே பட்டியை வைத்துப் பாருங்கள். வளைவு தெரிந்தால் இரட்டைப்பல்லை வைத்துவிட்டு, நீண்ட ஒற்றைப்பல் வெட்டியால் அந்தக் கோட்டை நேராக்கிய பிறகே அடுத்ததுக்குப் போங்கள். கோடு ஆழமில்லாமல் இருக்கும்போது மட்டுமே இது முடியும். ஆழமான கோடு திருத்தத்தை ஏற்காது.

வெட்டி முடித்ததும் என்ன எண்ணெய் பூசுவது?
– வாசகர், மூதூர்

காய்ச்சிய லின்சீட் எண்ணெய் ஒரு பங்கு, டர்பன்டைன் ஒரு பங்கு. முதலில் உலர்ந்த பல்பிரஷ்ஷால் தூளைத் தட்டி எடுங்கள். பிறகு பிரஷ்ஷின் நுனியில் சிறிது தொட்டு, இரு திசையிலும் தேய்த்துவிட்டு, 10 நிமிடத்தில் வேறொரு உலர்ந்த பிரஷ்ஷால் மிச்சத்தை ஒற்றி எடுங்கள். கோட்டுக்குள் தேங்கிய எண்ணெய் பிசினாக இறுகினால் வெட்டிய கூர் கைக்கு எட்டாது. மறுநாள் இன்னொரு தடவை போதும். மழைக்காலமானால் இடையில் 3 நாளாவது காயவிடுங்கள். வாணிஷ் வேண்டாம். எண்ணெய் துடைத்த துணி தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடியது. சுருட்டிப் போடாமல் வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.