மேடையில் பேசிய அக்கா எந்த வருஷம் காலேஜில் சேர்ந்தார்?

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். பள்ளி ஆண்டு விழாவில் முன்னாள் மாணவிகள் பேசியதைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து உங்கள் மகள் ‘டாக்டருக்குத்தான் படிப்பேன்’ என்று பிடிவாதமாக நிற்கிறாள். அவள் அப்பாவோ அதே மேடையில் பேசிய இன்ஜினீயர் பெண்ணைச் சொல்லி, ‘பத்தாவது முடித்ததும் பாலிடெக்னிக் போகட்டும், அந்தப் பெண் முன்னுக்கு வரவில்லையா?’ என்கிறார். பெரியப்பா இன்னொரு பக்கம், நாமக்கல் பக்கத்தில் ஹாஸ்டலோடு இருக்கும் தனியார் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்த்துவிடலாம், நீட் கோச்சிங்கும் அங்கேயே கிடைக்கும் என்று ஃபீஸ் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பொதுத் தேர்வுக்குச் சில வாரங்களே இருக்கும் நேரத்தில் வீட்டில் இப்படி ஒரு இழுபறி. உங்கள் கவலை நன்றாகப் புரிகிறது.

பேச்சைக் கேட்டு அவள் அழுதாள், அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அதில் பயப்பட எதுவும் இல்லை அம்மா. தான் உட்காரும் அதே வகுப்பறையில் உட்கார்ந்து, அதே சத்துணவைச் சாப்பிட்டு வளர்ந்த ஒரு பெண் டாக்டராக வந்து எதிரே நின்றால் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கண் கலங்கத்தான் செய்யும். ‘நமக்கெல்லாம் இது எட்டாது’ என்று வருஷக்கணக்காக மனதில் கிடந்த நினைப்பு ஒரே சாயங்காலத்தில் உடைந்திருக்கிறது. என்னைப் போன்ற ஆலோசகர்கள் மணிக்கணக்கில் பேசினாலும் அதைச் செய்ய முடியாது. அதனால் ‘ரெண்டு நாள் போனால் சரியாகிவிடும்’ என்று மட்டும் அவள் காதுபட யாரும் சொல்ல வேண்டாம்.

ஆனால் மேடைப் பேச்சில் ஆசை முழுசாகக் கிடைக்கும், வழி அரைகுறையாகத்தான் கிடைக்கும். பேசுகிறவர் எதையும் மறைப்பதாக அர்த்தம் இல்லை. கிடைக்கும் பத்து நிமிஷத்தில் கஷ்டப்பட்டதையும் ஜெயித்ததையும் சொல்லத்தான் நேரம் இருக்கும். தான் போன வழி இன்றைக்கும் திறந்திருக்கிறதா என்று அவரே யோசித்திருக்க மாட்டார். ஆகவே முன்னாள் மாணவர் யார் பேசினாலும், அவர் எந்த வருஷம் காலேஜில் சேர்ந்தார் என்பதை முதலில் விசாரியுங்கள். இந்த ஒரு விவரம் தெரிந்தால் உங்கள் வீட்டுக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும்.

அந்த டாக்டரையே எடுத்துக்கொள்வோம். அவர் 2010-ல் பிளஸ் டூ முடித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் நடந்தது. உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் சேர்த்து 100, ஆக 200-க்குக் கட்-ஆஃப். அதற்கு முன்பு இருபது வருஷத்துக்கும் மேலாக இருந்த மாநில நுழைவுத் தேர்வை 2007-ல்தான் எடுத்தார்கள். அந்த இடைவெளியில் படித்தவர் அவர். ‘பாடப் புத்தகத்தை வரி விடாமல் படித்தேன், சீட் கிடைத்தது’ என்று அவர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் 2017-லிருந்து இங்கே நீட்தான். 180 கேள்வி, 720 மதிப்பெண், அதில் சரிபாதி, அதாவது 360, உயிரியல். தமிழிலும் எழுதலாம். புத்தகத்தை வரி விடாமல் படிப்பது இப்போதும் வேண்டும், ஆனால் அது மட்டும் போதாது. இதை உங்கள் மகளிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவள் ஆசையை நீங்கள் மதிக்கிறீர்கள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

இந்த வருஷக் கணக்கு பெரிய மனிதர்களுக்கும் பொருந்தும். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் குமரி மாவட்டத்துக் கிராமப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர் என்று எல்லாப் பள்ளி மேடையிலும் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவர் நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டுத்தான் சென்னை எம்.ஐ.டி.யில் (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) விமானப் பொறியியல் சேர்ந்தார். அப்துல் கலாமும் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த பிறகே அங்கே போனார். அன்றைக்கு எம்.ஐ.டி. பட்டதாரிகளைச் சேர்த்துக்கொண்ட கல்லூரி. இன்றைக்கு அது அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம், பிள்ளைகள் பிளஸ் டூ முடித்துப் பொறியியல் கவுன்சலிங் வழியாகப் போகிறார்கள். அந்த வரலாற்றைக் கேட்டுவிட்டு இன்று ஒரு பிள்ளை பி.எஸ்சி. சேர்ந்தால் அதே கதவு அதே மாதிரி திறக்கும் என்று நம்ப முடியாது.

உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் டிப்ளமோ வழி அப்படி இல்லை, அது இன்னும் திறந்தே இருக்கிறது. சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்து ரயில்வே ஊழியரின் மகன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்து, அப்புறம் பி.இ., திருச்சி என்.ஐ.டி.யில் எம்.இ., சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி என்று போனவர். பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமோ மூன்று வருஷம், நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேர்ந்தால் இன்னும் மூன்று வருஷம், மொத்தம் ஆறு. பிளஸ் ஒன், பிளஸ் டூ, நாலு வருஷ பி.இ. என்று போனாலும் அதே ஆறுதான். வருஷம் வீணாகாது, நடுவிலேயே வேலைக்கும் போகலாம். அப்பா சொல்வதை யாரும் குறைவாக நினைக்க வேண்டாம். ஒன்றே ஒன்று, உங்கள் மகளுக்கு மெஷினில் ஆர்வம் இருப்பதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உயிரியலை விட்டு விலகிப் போனால் அவள் கேட்கும் வழி அத்தோடு அடைபட்டுவிடும். பத்தாவதிலேயே அதை மூட வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து.

இப்போது பெரியப்பாவின் யோசனை. எனக்கு உண்மையில் கவலை தந்தது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாள். 2020-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டப்படி, ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு உண்டு. முதல் வருஷமே ஏறக்குறைய 400 பிள்ளைகள் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடம் வாங்கினார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குள்தான் போட்டி, லட்சக்கணக்கில் கட்டி கோச்சிங் போனவர்களோடு இல்லை. படிப்புச் செலவையும் அரசே ஏற்கிறது. 2021-ல் இதையே பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் விரிவாக்கினார்கள். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இது அத்தனையும் போய்விடும். ‘ஆறிலிருந்து பத்து வரை அரசுப் பள்ளிதானே’ என்று பிறகு கேட்டுப் பயன் இல்லை. காலேஜ் படிக்கும்போது மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் ஆறிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் (அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் அதில் பின்னர் சேர்த்தார்கள், 7.5-ல் அப்படிச் சேர்க்கவில்லை). பெரியப்பா பாசத்தில்தான் ஓடி அலைகிறார். அவர் ஃபீஸ் கட்டுவதற்கு முன் இந்தப் பத்தியை அவருக்குக் காட்டிவிடுங்கள். பெரிய தொகையைக் கொடுத்து, கையில் இருக்கும் உரிமையையும் இழந்துவிட்டு வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

‘அப்படியென்றால் கோச்சிங்?’ என்று கேட்பீர்கள். அன்று மேடையில் பிளஸ் டூ மாணவி ஒருத்தியும் பேசினாள், விடிகாலையில் எழுந்து நீட்டுக்குப் படிப்பதாகச் சொன்னாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசின் இலவச நீட் பயிற்சி இருக்கிறது. அது உங்கள் பள்ளியில் எப்படி நடக்கிறது, எந்த நாள், யார் எடுக்கிறார்கள், எங்கே இடிக்கிறது என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு அத்துப்படியாக இருக்கும். ஒரு மதிய இடைவேளையில் உங்கள் மகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிடலாம்.

குரூப் விஷயத்தில் என் யோசனை பயோ-மேத்ஸ். இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நாலும் இருப்பதால் மருத்துவமும் பொறியியலும் இரண்டுமே கைவசம் இருக்கும். கணிதம் அவளுக்கு நிஜமாகவே பாரம் என்று பத்தாவது ரிசல்ட் காட்டினால், தாவரவியல் விலங்கியல் உள்ள குரூப்பை எடுக்கட்டும், அப்போது பொறியியல் மட்டும் விட்டுப் போகும். உயிரியல் எடுத்தால் நீட் ஒன்றுதான் வழி என்றும் நினைக்காதீர்கள். பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., கால்நடை மருத்துவம், வேளாண்மை எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டு மாநில ஒதுக்கீட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். நீட்டில் ஒரு வருஷம் வழுக்கினாலும் பிள்ளை நடுத்தெருவில் நிற்க மாட்டாள். இதை இப்போதே அவளிடம் பேசி வைப்பது நல்லது. ‘டாக்டர் இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை’ என்ற எண்ணத்தோடு எந்தப் பிள்ளையும் பிளஸ் ஒன் வகுப்புக்குள் நுழையக் கூடாது.

கடைசியாகப் பேசிய அந்தச் சட்டக் கல்லூரிப் பெண்ணைப் பற்றி நீங்கள் இரண்டே வரி எழுதியிருக்கிறீர்கள். போன வருஷம்தான் பள்ளியை விட்டுப் போனவள், கையில் பேப்பரை வைத்துக்கொண்டு தடுமாறினாள், ‘ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்ட்டிஃபிகேட்டை முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள், கைதட்டல்கூடச் சரியாக இல்லை என்று. அம்மா, அன்றைக்கு அந்த மேடையில் பேசப்பட்டதிலேயே உங்களுக்கு மிகவும் பயன்படும் வாக்கியம் அதுதான்.

வீட்டில் யாரும் பட்டம் வாங்கியிருக்காவிட்டால், தொழிற்படிப்பில் கவுன்சலிங் மூலம் சேரும் முதல் பிள்ளைக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, குடும்பத்தில் ஒருவருக்குத்தான். 7.5-ல் இடம் கிடைக்காமல் வேறு பிரிவில் சேர்ந்தால் இதுதான் கைகொடுக்கும். இ-சேவை மையத்தில் பதிந்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) பார்த்து, தாலுகா ஆபீஸிலிருந்து வருவதற்கு நாள் பிடிக்கும். கவுன்சலிங் விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது ஊரே அங்கே வரிசையில் நிற்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆறிலிருந்து பிளஸ் டூ வரை எங்கே படித்தாள் என்பதற்குத் தலைமை ஆசிரியர் தரும் சான்று என்று ஒவ்வொன்றுக்கும் இதே கதை. பேரில் ஒரு எழுத்து ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி இருந்தால் அதைத் திருத்தவே தனியாக அலைய வேண்டும். பத்து வருஷத்துக்கு முன் சேர்ந்தவருக்கு இதெல்லாம் மறந்திருக்கும். போன வருஷம் அலைந்தவளுக்குக் கால் வலி இன்னும் போயிருக்காது. ஆண்டு விழாவுக்கு ஆள் கூப்பிடும் ஆசிரியர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பெரிய பதவியில் இருப்பவர் ஒருவரைக் கூப்பிட்டால், போன வருஷம் வெளியே போன பிள்ளைகள் இரண்டு பேரையும் கட்டாயம் கூப்பிடுங்கள். அவர்களில் ஒருத்தி நினைத்தது கிடைக்காமல் வேறு படிப்பில் சேர்ந்தவளாக இருக்கட்டும். மேடையும் மைக்கும் வேண்டாம், ஒரு வகுப்பறையில் பிள்ளைகளோடு உட்காரவைத்துவிட்டு நீங்கள் வெளியே வந்துவிடுங்கள்.

பொதுத் தேர்வு முடியும் வரை வீட்டில் யாரும் குரூப், காலேஜ் பேச்சை எடுக்க வேண்டாம். அவள் இப்போது அறிவியலும் கணிதமும் நன்றாகப் படிப்பதே போதும். தேர்வு முடிந்த வாரத்தில் வகுப்பாசிரியையிடம் சொல்லி, அந்தச் சட்டக் கல்லூரிப் பெண்ணின் வீட்டில் கேட்டு, அவளைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் வீட்டுக்காரரையும் பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் கேள்விகளை உங்கள் மகளே கேட்கட்டும். எந்தச் சான்று எப்போது வாங்கினாய், விண்ணப்பம் எங்கே போட்டாய், கையிலிருந்து எவ்வளவு செலவானது, எதை முன்கூட்டியே செய்திருக்கலாம் என்று நினைக்கிறாய், உன்னோடு படித்து நீட் எழுதிய பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். ரிசல்ட் வந்ததும் மார்க்கையும் அந்த நோட்டையும் வைத்துக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள், குரூப்பை முடிவு செய்துவிடலாம்.