தாம்பரம் தாண்டிக் குடிபோகலாமா?

கட்டுமானப் பொறியாளர் என்பதால் வாசகர்களிடமிருந்து சிமென்ட், விரிசல் பற்றித்தான் கேள்வி வரும் என்று நினைத்தேன். இந்த முறை பாதிக்கு மேல் சென்னைப் புறநகர்க் கேள்விகள்.

மேற்கு மாம்பலத்தில் 22,000 ரூபாய் வாடகை. அந்தப் பணத்தை இ.எம்.ஐ.யாகக் கட்டினால் கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். எனக்கு ஆபீஸ் கிண்டியில். போகலாமா சார்?

கிண்டிக்கு ஒரே ரயில், மாற வேண்டாம். ஆனால் சென்னைக் கடற்கரை நிலையத்தில் கிளம்பும் வண்டிகளில் பல தாம்பரத்தோடு நின்றுவிடும். செங்கல்பட்டு வண்டியை விட்டால் காத்திருக்க வேண்டியதுதான். விளம்பரத்தில் வரும் 'ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்' என்பது ஞாயிறு விடியற்காலையில் பைக்கில் போகிறவர் கணக்கு. ஒரு திங்கட்கிழமை அந்த வீட்டு வாசலில் கிளம்பி உங்கள் ஆபீஸ் நாற்காலி வரை போய்ப் பாருங்கள். அப்புறம் இ.எம்.ஐ.யோடு மெயின்டனன்ஸ், ஷேர் ஆட்டோ, வண்டி ஸ்டாண்டு, தண்ணீர் லாரி எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். என்னைக் கேட்டால், முதலில் அங்கேயே வாடகைக்குப் போங்கள். அந்த வாடகைக் காலத்தில் மழை மாதங்களான ஐப்பசியும் கார்த்திகையும் கட்டாயம் வரவேண்டும்.

முடிச்சூர் பக்கம் மனை மலிவாக வருகிறது. 'செம்பரம்பாக்கம் ஏரியை இப்போது சரியாகத் திறக்கிறார்கள், இனி வெள்ளம் வராது' என்கிறார் புரோக்கர். நம்பலாமா?

புரோக்கருக்கு ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியவில்லை. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு முன்பே, ஆற்றின் மேல்பகுதியில் இருக்கின்றன. அங்கே வருவது ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர். செம்பரம்பாக்கத்தின் மதகை எவ்வளவு கவனமாகத் திறந்தாலும் அது வரத்தான் செய்யும். 2015 டிசம்பரில் அந்தப் பகுதியில் படகு விட்டார்கள். அதன்பிறகு கால்வாய், கரை வேலைகள் நடந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் மனையைப் பார்க்கும்போது மண்ணைப் பார்க்காதீர்கள், பக்கத்து வீடுகளைப் பாருங்கள். புது வீடுகளுக்கு ஏழெட்டுப் படி, பழைய வீட்டின் வாசல் ரோட்டுக்குக் கீழே என்றால் அந்தத் தெரு தன் கதையைச் சொல்லிவிட்டது. ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்கிய தெரு என்றால் இன்னும் சத்தமாக. மளிகைக் கடைக்காரரிடம் 'வெள்ளம் வருமா' என்று கேட்டால் வராது என்பார். 'அரிசி மூட்டையை எந்தத் தட்டில் ஏற்றினீர்கள்' என்று கேளுங்கள்.

ரோடு மட்டத்தைவிட எவ்வளவு உயர்த்திக் கட்டலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். உயர்த்தலாம், வீடு தப்பிக்கும். ஆனால் பால் வாங்க இடுப்பளவுத் தண்ணீரில் இறங்க வேண்டியிருக்கும்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' மனை வாங்கலாமா? விலை பாதிதான்.

வேண்டாம். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்). பஞ்சாயத்துத் தலைவரின் முத்திரை அதற்கு ஈடாகாது. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவாகி விற்ற இடமென்றால் வரன்முறைப்படுத்திய ஆணையை, அதாவது ஒப்புதல் இல்லாத மனையைப் பிறகு ஏற்றுக்கொண்டதற்கான ஆணையை, கேட்டு வாங்கிப் பாருங்கள். அது இல்லாவிட்டால் பத்திரப் பதிவே சிக்கல், வங்கிக் கடனும் கிடைக்காது. வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) மூன்றையும் வக்கீலிடம் காட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். நாளைக்கு விலை ஏறிவிடும் என்பவரிடம், ஏறட்டும் என்று சொல்லுங்கள்.

தண்ணீர் எப்படி?

தெருவுக்குத் தெரு மாறும். ஒரு பாட்டிலில் போர் தண்ணீர் பிடித்து லேபில் கொடுங்கள். குளியலறைக் குழாயில் வெள்ளைப் பூச்சு படிந்திருந்தால் உப்பு என்று அர்த்தம், லேப் முடிவு வரும்வரை காத்திருக்கவே வேண்டாம். பாதாளச் சாக்கடை இருக்கிறதா என்றும் கேளுங்கள். செப்டிக் டேங்க் லாரி மாதம் எத்தனை முறை வருகிறது என்பதை விற்பவர் சொல்லமாட்டார், வாட்ச்மேன் சொல்வார்.

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 70. மயிலாப்பூரை விட்டு வண்டலூர் வருவார்களா? எனக்குக் குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

இது பொறியாளரிடம் கேட்கிற கேள்வியா தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். என் அம்மாவை ஊரப்பாக்கம் அழைத்து வந்தபோது காற்று, வேப்பமரம், இரவில் அமைதி எல்லாம் பிடித்தது. சாயங்காலம் கோயிலுக்குத் தனியாக நடந்துபோக முடியாததுதான் பிடிக்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோடு என்கிற திருச்சி நெடுஞ்சாலையைக் கடக்க என்னை எதிர்பார்த்து நிற்பதை அவரால் தாங்க முடியவில்லை. அதனால் வீட்டுக்கு ரோட்டைக் கடக்காமல் கோயில், மருந்துக்கடை, டாக்டர் மூன்றும் நடக்கிற தூரத்தில் இருக்கிறதா பாருங்கள். லிஃப்டுக்கு ஜெனரேட்டர் உண்டா என்பதையும். ஒரு லாபம் உண்டு: கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் வந்தபிறகு தென் மாவட்டத்துச் சொந்தக்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நம் வீட்டுக்குத்தான் முதலில் வருகிறார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை. காலை நாலரைக்கு எழுந்து கதவு திறப்பது நான்.