எதிர்த்தரப்பு தாக்கல் செய்த போட்டோ மார்பிங் என்று நிரூபிக்க முடியுமா?

நிலத் தகராறில் எதிர்த்தரப்பு ஒரு போட்டோவைத் தாக்கல் செய்திருக்கிறது, பார்த்தால் ஒட்டு வேலை மாதிரி இருக்கிறது, நிரூபிக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அந்தப் படம் எந்த வடிவத்தில் உங்கள் கைக்கு வந்தது என்பதைப் பார்த்துத்தான் எவ்வளவு தூரம் போகலாம் என்று சொல்ல முடியும்.

நான் மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் எட்டு வருடம் கல்யாண ஆல்பம் டிசைன் செய்தவன். இறந்துபோன அப்பாவை மணமேடையில் நிறுத்தித் தரச் சொல்வார்கள். துபாயிலிருந்து வர முடியாத அண்ணனைக் குரூப் போட்டோவில் சேர்க்கச் சொல்வார்கள். சேர்த்துக் கொடுத்ததைப் பார்த்து ஒரு அம்மா அழுதுவிட்டார்கள். இப்போது அந்த அனுபவத்தை வைத்துத்தான் வக்கீல்களுக்குப் படங்களைப் பரிசோதித்து அறிக்கை எழுதித் தருகிறேன். எங்கே பிசிறும் என்று ஒட்டியவனுக்குத் தெரியும்: தலைமுடி ஓரம், காதுக்குப் பின்புறம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கால் தரையைத் தொடும் இடம்.

கண்ணுக்குத் தெரியாததற்கு மென்பொருள் வேண்டும். செல்போன் படங்களில் பெரும்பாலானவை ஜேபெக் கோப்புகள். படத்தை 8×8 புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டங்களாகப் பிரித்துத்தான் ஜேபெக் சுருக்குகிறது. கட்டம் போட்ட சேலையில் வேறு துண்டை வைத்துத் தைத்தால் கோடு சேராது இல்லையா, இன்னொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டிய பகுதியும் பெரும்பாலும் அப்படித்தான் மாட்டும். அதைவிட வலுவானது சென்சார் தடம். ஒவ்வொரு கேமராவின் சென்சாரிலும் புள்ளிக்குப் புள்ளி வெளிச்சத்தை வாங்குவதில் நுணுக்கமான ஏற்றத்தாழ்வு உண்டு, அது அந்தக் கேமரா எடுக்கும் எல்லாப் படத்திலும் பதியும். இதை வைத்து எந்தக் கேமரா என்று கண்டுபிடிக்கும் முறையை லூகாஷ், ஃப்ரிட்ரிச், கோல்யான் ஆகிய மூவரும் 2006-இல் விரிவாக வெளியிட்டார்கள். அந்தத் தடம் படத்தின் ஒரு பகுதியில் மட்டும் காணவில்லை என்றால், அந்த இடத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

இணையத்தில் படத்தை ஏற்றினால் ஒட்டிய இடம் பளிச்சென்று தெரியும் என்று சில தளங்கள் காட்டும். அதை நம்பி வழக்கு நடத்தாதீர்கள். படத்தை இன்னொரு முறை சுருக்கி வித்தியாசம் பார்ப்பதுதான் அது. யாரும் கை வைக்காத படத்திலும் எழுத்தும் பொருள்களின் ஓரங்களும் பளிச்சென்றுதான் தெரியும்.

மேலூர் பக்கம் ஒரு வண்டிப்பாதைத் தகராறு. ஆவணி மாதம் இடைக்காலத் தடை வந்தது. பாதையை மறித்து நின்ற ஆறடிச் சுவர் அதற்கு முன்பே இருந்தது என்று சொல்லி எதிர்த்தரப்பு ஒரு படம் கொடுத்தது. எடுத்த தேதி, நேரம் போன்றவற்றைக் கேமராவே கோப்புக்குள் எழுதி வைக்கும் எக்சிஃப் தகவலில் ஏப்ரல் 15, பகல் 12.20 என்று இருந்தது. மூன்று நாள் பார்த்தேன். கட்டம் சரியாக இருந்தது, ஒட்டு எதுவும் இல்லை. மாற்றம் தென்படவில்லை என்று எழுத உட்கார்ந்தபோது, வழக்குப் போட்ட பெரியவர் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "சித்திர மாசம் உச்சி வெயில்ல நெழலு காலடியிலல்ல தம்பி கெடக்கும்? இது மார்கழி நெழலு" என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. மதுரை இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 9.9 பாகையில். ஏப்ரல் நடுவில் சூரியன் ஏறக்குறைய நேராக நம் தலைக்கு மேல் வரும், அன்று உச்சி ஏறுவது கிட்டத்தட்ட 12.18 மணிக்கு. படத்திலோ சுவரின் நிழல் வடக்கே நாலடி நீண்டு கிடந்தது. புல வரைபடத்தில் பார்த்தால் சுவர் நேர் கிழக்கு மேற்காக ஓடுகிறது. போன் கடிகாரம் மணி தப்பாகக் காட்டியிருக்கலாமே என்றும் யோசித்தேன். கணக்குப் போட்டால், அந்த நாளில் காலையிலிருந்து மாலை வரை சூரியன் சொல்லும்படியாகத் தென்பக்கம் போவதே இல்லை. எந்த மணிக்கு எடுத்திருந்தாலும் அந்தச் சுவரின் நிழல் வடக்கே நாலடி விழாது. மார்கழி உச்சி வேளையில் ஆறடிச் சுவருக்கு நிழல் ஏறக்குறைய நாலடி. படம் உண்மையானதுதான், தேதிதான் பொய். எக்சிஃப் தேதியை மாற்ற இரண்டு நிமிடம் கூட ஆகாது. யார் மாற்றினார்கள் என்று நான் எழுதவில்லை, போன் கடிகாரத்தில் தேதியே தப்பாக இருந்திருக்கலாம். அந்தத் தேதியில் எடுத்த படமாக இருக்க முடியாது என்று மட்டும் எழுதினேன். எடுத்த போனைக் கேட்டதற்கு, விற்றுவிட்டோம் என்றார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகக் கொடுப்பவர் அதனுடன் சான்றிதழும் வைக்க வேண்டும். அதில் கோப்பின் ஹாஷ் எண், அதாவது கோப்பில் உள்ளதைக் கணக்கிட்டு எடுக்கும் அடையாள எண், இருக்கும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் மொத்தமாக மாறிவிடும். அவர்கள் அதை வைத்திருக்கிறார்களா என்று முதலில் உங்கள் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், படம் எடுத்த போனையே கேட்டு மனு போடச் சொல்லுங்கள். பிரிண்ட் போட்ட தாளிலும் வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்திலும் என்னைப் போன்றவர்களால் பார்க்க முடிவது ரொம்பக் குறைவு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கி எக்சிஃப் தகவலும் போய்விடும். உங்கள் பக்கத்துப் படங்களை அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், எடுத்த போனை வழக்கு முடியும் வரை மாற்றாதீர்கள்.

அவர்கள் படத்தில் மரமோ கம்பமோ சுவரோ இருந்தால், நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, எத்தனை அடி என்று இன்றைக்கே குறித்து வையுங்கள். நிலத்தின் திசையைப் புல வரைபடத்தில் சரிபார்த்து அதையும் கூடவே எழுதிக்கொள்ளுங்கள்.