ஒரே பெயரில் இரண்டு ஜான் ஸ்கடர்கள்

வணக்கம். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் தந்தை ஜான் ஸ்கடர் 1855இல் இறந்ததாக ஒரு குறிப்பும் 1900இல் இறந்ததாக இன்னொரு குறிப்பும் கிடைத்ததாகவும், வம்சாவளியில் எதைச் சேர்ப்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு ஆண்டுகளும் சரியானவையே, ஆட்கள்தாம் வேறு.

1793இல் நியூஜெர்சி மாநிலத்து ஃப்ரீஹோல்டில் பிறந்து, நியூயார்க்கில் செய்துவந்த மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு 1819இல் மனைவி ஹேரியட்டுடன் கப்பலேறி, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பிலும் பின்னர் சென்னையிலும் பணியாற்றி, 1855இல் தென்னாப்பிரிக்காவில் காலமானவர் ஐடாவின் தாத்தா. ஐடா பிறந்ததே 1870இல்தான் என்பதால், 1855 என்ற இறப்பு ஆண்டு அவருடைய தந்தைக்குப் பொருந்தவே பொருந்தாது. தந்தை, 1835இல் இலங்கையில் பிறந்து 1900இல் இறந்த இளைய ஜான்.

இக்குடும்பத்தில் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால் நடுப்பெயரை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். வில்லியம் வாட்டர்பரி, ஜேரட் வாட்டர்பரி என்று இரண்டு மகன்கள் தாங்கிய நடுப்பெயர், தாய் ஹேரியட்டின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். தாய்வழியைத் தேடுவதற்கு இதைவிட நல்ல தடயம் கிடைப்பது அரிது. ஐடாவிலும் இருவர் உண்டு: கதிரியக்கத் துறையில் பணியாற்றிய ஐடா பி. ஸ்கடர், மருத்துவமனையை நிறுவியவரின் சகோதரர் மகள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1850க்கு முன்பு குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. அதன் பிறகும் கடல்கடந்து வாழ்ந்த மிஷனரிகளை அதில் தேடுவது வீண். மிஷன் சங்கங்களின் ஆண்டறிக்கைகளிலிருந்து தொடங்குங்கள்.